அடுப்படி வரை வருகிற தேர்தல்

எங்கள் மரக்காணத்தில் உப்பு பூக்கிற காலமும் தேர்தல் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்துவிடும். 2011-ல் ஏப்ரல் 13, 2014-ல் ஏப்ரல் 24, 2016-ல் மே 16, 2019-ல் ஏப்ரல் 18, 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19. வாக்குப்பதிவு நாட்களைப் பாருங்களேன், எல்லாமே நல்ல வெயில் நாட்கள்! கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் பாத்தி பாத்தியாக உப்பு வெள்ளை வெளேரென்று கிடக்கும். அந்தக் கண் கூசுகிற வெளிச்சத்துக்கு நடுவே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, "தாய்மார்களே, சகோதரிகளே" என்று கூவிக்கொண்டு போகும். உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நிமிர்ந்தால் கை வேலை நிற்கும்.

வீட்டுக் குறிப்பும் வைத்தியமும் வருகிற பத்திரிகையில் அரசியல் எதற்கு என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். ஆனால் அந்த ஆட்டோ முதலில் கூப்பிடுவது நம்மைத்தானே? அரிசி, மிக்ஸி, கேஸ், மாதாமாதம் பணம் என்று அவர்கள் பேசுவதெல்லாம் நம் அடுப்படிச் சமாசாரம். அப்படியிருக்க, இந்தப் பிரசாரம் எப்படி நடக்கிறது, டி.வி.யில் காட்டுவதை எவ்வளவு நம்பலாம், பூத்துக்குள் நாம் அமுக்குகிற பொத்தான் யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் ஆண்கள் திண்ணையில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். ஆனால் எங்க வீட்டுக்காரர் வைத்திருப்பது மளிகைக் கடை. எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே வருவார்கள். கல்லாப் பக்கம் உட்கார்ந்தால் காதில் நிறைய விழும்.

முதலில் உப்பளத்துப் பெண்கள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024-ல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பெண் எண்ணெய் வாங்க வந்தாள். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். நாளைக்கு ஓட்டுப் போடப் போகவில்லையா என்று கேட்டேன்.

"போவணும்தான்கா. ஓட்டுப் போட்டா விரல்ல மை. அளத்துக்குப் போனா கையில கூலி. எனக்கு ரெண்டு புள்ளைங்க. நீயே சொல்லு, எது நல்லது?"

நியாயமான கேள்விதான். உப்பளத்தில் ஒருநாள் கூலி போனால் அந்த வாரக் கணக்கே இடிக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று மாதக்கணக்கில் வேலையே இருக்காது. வெயில் காலத்தில் சம்பாதித்தால்தான் ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பு எரியும்.

ஆனால் இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு, 1996-ல் சேர்த்தது. வாக்குப்பதிவு நாளில், ஓட்டுரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் லீவு கொடுக்க வேண்டும், சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் இல்லை, தினக்கூலிக்கும் அன்றைய கூலி உண்டு. ஆபத்தான வேலை, விட்டுவிட்டு வந்தால் பெரிய நஷ்டமாகும் வேலை என்றால்தான் விலக்கு. மீறுகிற முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். இந்தக் காலத்தில் 500 ரூபாய் ஓர் அபராதமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

அவளிடம் இதைச் சொன்னேன். அவளும் இன்னும் நாலைந்து பேரும் காலை 7 மணிக்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, வாரக் கணக்கு முடிக்கிறபோது மேஸ்திரியிடம் அந்த நாள் கூலியைக் கேட்டார்களாம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தாராம். கேட்டவர்களுக்குக் கொடுத்தார், கேட்காதவர்களுக்கு இல்லை! நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிட நாம் மேல் என்று சொன்னால் நம்புவீர்களா? அங்கே ஜனாதிபதித் தேர்தல் நவம்பர் மாதம் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயில்தான் நடக்கும். 1845-ல் போட்ட சட்டம். குதிரை வண்டியில் போய் ஓட்டுப் போட்ட விவசாயிகளின் வசதிக்காக அப்படி வைத்தார்களாம். இன்றைக்கும் அதே செவ்வாய்தான். நாடு முழுவதற்கும் பொது விடுமுறை கிடையாது. நியூஜெர்சியில் இருக்கிற என் நாத்தனார் மகள் ஆபீசுக்குப் போகிற வழியில் ஓட்டுப் போடுகிறாள். தபாலிலும் போடலாம், சில நாட்கள் முன்னதாகவும் போடலாம் என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விதி. நம்முடையதைப் போல நாடு முழுவதும் தேர்தலை நடத்துகிற ஒரே கமிஷன் அங்கே இல்லை. அந்தந்த மாநிலமும் அதன் கீழே உள்ள வட்டாரமும்தான் நடத்துகின்றன.

பெண்களுக்கு ஓட்டு என்கிற விஷயத்திலும் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. அமெரிக்காவில் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1920-ல். நம் சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டார்கள். சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம். உப்பளத்தில் சுமை தூக்கிய பெண்ணுக்கு அப்போது ஏது சொத்து? 21 வயதான எல்லாருக்கும் என்று வந்தது 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில். (18 வயது என்று குறைத்தது 1989-ல்.)

அந்த முதல் தேர்தலில் ஒரு சோகம் நடந்தது. பட்டியல் எடுக்க வந்தவர்களிடம், முக்கியமாக வட மாநிலங்களில், பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கறாரான மனிதர். பெயர் இல்லாதவர்களைப் பட்டியலில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சுமார் 28 லட்சம் பெண்களின் ஓட்டு இதனால் போயிற்று. நாம் சிரிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். புருஷன் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. அவர் பெயர் என்னவென்று எங்களில் பாதிப் பேருக்கு அவர் காரியத்தன்றுதான் தெரிந்தது.

படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே என்றுதான் சின்னம் வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். எல்லார் பெயரும் ஒரே சீட்டில் அச்சாகி முத்திரை குத்துகிற முறை நாடெங்கும் வந்தது 1962-ல். விரலில் மை வைப்பதும் அதே தேர்தலில்தான். கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் கம்பெனி தயாரிக்கிற மை அது. அதில் வெள்ளி நைட்ரேட் என்கிற உப்பு இருக்கிறது. தோலில் பட்டு வெயில் பட்டால் கறுத்துவிடும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தெல்லாம் பிரயோஜனமில்லை, நகம் வளர வளரத்தான் போகும்.

சின்னம் எத்தனை பெரிய சமாசாரம் என்பதற்கு 1989 ஜனவரித் தேர்தல் ஒன்றே போதும். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்ததால் இரட்டை இலை யாருக்கும் கிடைக்கவில்லை. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறா. "இலை எங்கே, இலை எங்கே" என்று வயதானவர்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று என் மாமியார் இப்போதும் சொல்வார். அந்த ஆண்டே அணிகள் சேர்ந்து இலையும் திரும்பி வந்தது. இன்னொரு வேடிக்கை, 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில். விவசாயிகள் தங்கள் குறையை நாட்டுக்குக் காட்ட எல்லாருமே மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாகவே ஆகிவிட்டது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதற்குப் பிறகுதான் 5,000 ஆக்கினார்கள், பிற்பாடு 10,000 ஆயிற்று.

இனிப் பிரசாரத்துக்கு வருகிறேன். 1967-ல் தி.மு.க. ஜெயித்ததில் அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த நேரம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொன்னார்கள். ஆட்சிக்கு வந்ததும் ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்க முடிந்தது. 2006-ல் கலர் டி.வி. 2011-ல் ஒரு கட்சி மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது; இன்னொரு கட்சி மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் என்றது. 2021-ல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்று ஒரு பக்கம், 1,500 என்று ஒரு பக்கம். வாஷிங் மெஷினும்கூட வந்தது.

இதையெல்லாம் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து அம்மியில் மிளகாய் அரைத்தவளுக்கு மிக்ஸி என்றால் என்னவென்று கேலி செய்கிறவருக்குத் தெரியுமா? அவர் வீட்டில் அரைப்பது அவரா? ஆனால் வாக்குறுதியை நாம் காய்கறி வாங்குகிற மாதிரிக் கிள்ளிப் பார்த்து வாங்க வேண்டும். 2021-ல் சொன்ன 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15-ல்தான் தொடங்கியது. மேடையில் 'குடும்பத் தலைவிகள்' என்று பொதுவாகத்தான் சொன்னார்கள்; கைக்கு வருகிறபோது குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், இன்னின்ன சொத்து இருக்கக்கூடாது என்று விதிகள் சேர்ந்தன. முதல் கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே கிடைத்தவர்களும் உண்டு, விண்ணப்பம் திரும்பியவர்களும் உண்டு.

டி.வி., மிக்ஸி வாக்குறுதிகள் லஞ்சமாகுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2013 ஜூலையில் தீர்ப்பு. தேர்தல் அறிக்கையில் சொல்வது சட்டப்படி லஞ்சமாகாது. ஆனால் தேர்தல் கமிஷன் இதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றார்கள். கமிஷனும் வகுத்தது. கட்சிகள் வாக்குறுதிக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் ஏறக்குறையச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாம் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றால் தவணை எவ்வளவு, எந்தச் செலவைக் குறைப்பது என்று கேட்போமா, மாட்டோமா? அதே கேள்விதான்.

வேட்பாளரின் செலவுக்கும் கணக்கு உண்டு. 2022 ஜனவரியில் உயர்த்தியபடி, நம் மாதிரிப் பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை, நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் அதிகாரி ஒரு விலைப் பட்டியல் போடுவார். டீ இன்ன விலை, வடை இன்ன விலை, பிரியாணி, நாற்காலி வாடகை, சால்வை, மாலை எல்லாவற்றுக்கும் விலை! கூட்டத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை வண்டி என்று வீடியோ எடுத்து, அந்த விலைப்படி கணக்குப் போட்டு வேட்பாளர் பெயரில் எழுதிவிடுவார்கள். மளிகைக் கடைக்காரர் மனைவி எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு திருப்தி. ஓட்டை எங்கே என்றால், கட்சி செலவு செய்வதற்கு உச்சவரம்பு கிடையாது. அமெரிக்காவிலோ வேட்பாளருக்கே கிடையாது. 1976-ல் அங்கே உச்ச நீதிமன்றம் செலவைக் கட்டுப்படுத்துவது பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதாகும் என்று சொல்லிவிட்டது. அதனால் தேர்தல் வருடத்தில் அங்கே டி.வி.யில் சோப்பு விளம்பரத்தைவிட வேட்பாளர் விளம்பரம்தான் அதிகம் என்கிறாள் நாத்தனார் மகள். போட்டியாளரைத் திட்டுவதற்கென்றே காசு கொடுத்து விளம்பரம் போடுகிறார்களாம்!

நம் நாட்டில் தனியார் டி.வி.யில் கட்சி விளம்பரம் 2004 வரை கூடாது என்றிருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவால், அதிகாரிகள் குழு முன்கூட்டிப் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு போடலாம் என்று ஆயிற்று.  1977 தேர்தலிலிருந்து கட்சிகளுக்கு ஆல் இந்தியா ரேடியோவில் பேச நேரம் ஒதுக்கினார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுக்குப் படம் காட்டிப் பிரசாரம் செய்வதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிற படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். 1984-ல் அதைவிட ஆச்சரியம். அவர் உடல் நலமில்லாமல் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்தே ஆண்டிப்பட்டிக்கு வேட்பு மனு வந்தது. உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் பேச்சு. ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் வீடியோ எடுத்துக் கொண்டுவந்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். பார்த்த பெண்கள் அழுதார்கள். டிசம்பர் 24-ல் வாக்குப்பதிவு, கட்சி ஜெயித்தது. இந்திரா காந்தி கொலையுண்ட துக்கமும் அந்தத் தேர்தலில் சேர்ந்துகொண்டது. ஒரு படம் நம் மனதை எங்கே தொடும் என்று அறிந்தவர்கள்தான் பிரசாரம் நடத்துகிறார்கள். அழுவது தப்பில்லை. அழுகையோடு கூடவே, ஆட்சி எப்படி இருந்தது என்றும் யோசித்துப் பார்த்திருந்தால் போதும்.

பிறகு கட்சிக்கு ஒரு சானல் என்று வந்துவிட்டது. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2010-ல் கேப்டன். எது யார் பக்கம் என்று ரிமோட்டைப் பிடிக்கிற குழந்தைக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் 2011 தேர்தலின்போது நானும் என் மாமியாரும் ஒரு வேலை செய்வோம். இரவு ஒரே கூட்டத்தை இரண்டு சானலில் பார்ப்போம். ஒன்றில் மேடைக்குப் பக்கத்தில் காமிராவை வைத்து ஜனக்கடலாகக் காட்டுவார்கள். இன்னொன்றில் பின்வரிசைக் காலி நாற்காலி மட்டும் தெரியும். கூட்டம் ஒன்றுதான்! "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கோ" என்பார் மாமியார். அவர் மூன்றாவதுதான் படித்தவர்.

இப்போது செல்போன். டி.வி. காட்டுவதையாவது நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். வாட்ஸ்அப்பில் வருவதை அவரவர் தனியாகப் பார்க்கிறோம். சொந்தக்காரர் அனுப்பியதாயிற்றே என்று நம்பிவிடுகிறோம். அவருக்கு அனுப்பியது யார் என்று கேட்பதில்லை. இன்ன பொத்தானை அமுக்கினால் இன்ன சின்னத்தில் விழுகிறது, ஓட்டுப் போட நாளை கடைசி இல்லை நாளை மறுநாள், என்றெல்லாம் வரும். எனக்கு ஒரே வழிதான். தேர்தல் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பேன், கட்டணம் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை யாருக்கும் அனுப்புவதில்லை. வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் கூட்டம், ஊர்வலம், டி.வி. பிரசாரம் எதுவும் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டு நாளில்தான் இந்த மாதிரிச் செய்திகள் அதிகம் வருகின்றன, கவனித்திருக்கிறீர்களா?

அந்த இரண்டு இரவில் வருகிற இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கவர். இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம். வெளியே 'எங்கள் தெருவில் அப்படியெல்லாம் இல்லை' என்போம். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும் பண விநியோகத்தால் தேர்தல் நின்றுபோனது. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தானது. பணத்துக்காக ஒரு நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. கொடுப்பவர் மட்டுமில்லை, வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளி. ஓராண்டு வரை சிறை உண்டு. வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்கக் கூப்பிடுகிறார்களே, அந்தத் தட்டில் விழுகிற நோட்டுக்கும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தட்டைப் பிடித்திருப்பவர் நாம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பணத்தைவிட மோசம், அதோடு வருகிற பயமுறுத்தல். குத்துவிளக்கில் அடித்துச் சத்தியம் வாங்குவது, குழந்தை தலையில் கை வைக்கச் சொல்வது. "நீ யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்பது. எதிர்வீட்டுப் பெண்ணின் மாமியாரிடமும் யாரோ இப்படிச் சொல்ல, அந்த அம்மா பூத்துக்கே போகப் பயந்தார். "மிஷின்ல நம்ப மூஞ்சி விழும்னு சொன்னாங்களே!" என்றார்.

உண்மை என்னவென்று சொல்கிறேன். மிஷினுக்குள் போவது எத்தனையாவது ஓட்டு, எந்தப் பொத்தான் என்பது மட்டும்தான். போட்டவர் பெயர் அதற்குத் தெரியாது. முகமும் தெரியாது. 2019-லிருந்து எல்லா பூத்திலும் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பொத்தானை அமுக்கியதும் நாம் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழும். அதிலும் நம் பெயர் இல்லை. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன் ஏஜென்டுகள் எதிரில் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்துவிட்டுத்தான் சீல் வைப்பார்கள். நம் எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்தபோது இந்த மிஷினை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதியிலும் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. பூத் வாரியாக எந்தச் சின்னத்துக்கு எத்தனை ஓட்டு என்பது பிற்பாடு வெளியாகும். ஆகவே இந்த பூத்தில் நமக்குக் குறைவு என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியும். முன்பு சீட்டு எண்ணிய நாட்களில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற வழக்கம் இருந்தது. இப்போது அது இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பேர் போட்ட பூத்தில் ஒருத்தி எதை அமுக்கினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் புருஷனாலும் முடியாது! அந்த அம்மாவை நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மறைப்புக்குள் அவர் மட்டும்தான் போனார். வெளியே வந்து, "ஆமாண்டியம்மா, யாருமே இல்ல உள்ள" என்றார்.

அமெரிக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நாத்தனார் மகள் கோபித்துக்கொள்வாள். அங்கே ஜனங்கள் போடுகிற ஓட்டு நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர்கள்; 270 பேர் கிடைத்தவர் ஜனாதிபதி. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் முழுக்க ஜெயித்தவருக்கே. அதனால் 2000-லும் 2016-லும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போனார். ஜெயிப்பது யாரென்று ஊசலாடுகிற நாலைந்து மாநிலங்களிலேயே பிரசாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருமாம். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் 2024-ல் கமலா ஹாரிஸுக்காகப் பூஜை செய்தார்களே, அவருடைய தாத்தா ஊர் அது. 2020-ல் துணை ஜனாதிபதியாக ஜெயித்தவர், 2024-ல் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். எங்கள் கடையிலும் அந்த வாரம் அதே பேச்சுதான்.

இளம் தாய்மார்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கைக்குழந்தையோடு போனால், கர்ப்பமாக இருந்தால், வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை; போலீஸ்காரரிடமோ ஊழியரிடமோ சொன்னால் முன்னே விடுவார்கள். மாலை வரிசையில் நின்றுவிட்டால் நேரம் முடிந்தாலும் டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விட வேண்டும். நம் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுகொண்டு திரும்பாமல், டெண்டர் ஓட்டு கேளுங்கள். அதைச் சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள். சாதாரணமாக எண்ண மாட்டார்கள் என்றாலும், வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி. தேர்தல் அறிவித்த பிறகு கல்யாண நகை, புடவை வாங்க 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போவதானால், பேங்கில் எடுத்த சீட்டும் பத்திரிகையும் கைப்பையில் இருக்கட்டும். பறக்கும் படை நிறுத்தினால் காட்டலாம். அப்படியும் பிடித்துவிட்டால், ரசீது வாங்கிக்கொண்டு, மாவட்டத்தில் அதற்கென்று இருக்கிற குழுவிடம் முறையிட்டுத் திரும்பப் பெறலாம்.

கல்யாணமாகி வந்த பெண்களுக்குத்தான் அதிகச் சிக்கல். பெயர் அம்மா வீட்டுப் பட்டியலில் இருக்கும், ஆள் இங்கே இருப்பாள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, 2002, 2005-ம் ஆண்டுப் பட்டியல் விவரம் கேட்டார்கள். அப்போது குழந்தையாக இருந்த மருமகள்களுக்கு அப்பா, அம்மா பெயர் எந்த ஊரில், எந்தப் பாகத்தில் இருந்தது என்று தேட வேண்டியதாயிற்று. எங்கள் தெருவில் மூன்று மருமகள்களுக்கு என் வீட்டுத் திண்ணையில்தான் படிவம் நிரப்பினோம். ஊர் மாறினால் படிவம் 8. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைகிறவர்கள் அந்தந்தக் காலாண்டில் சேரலாம். படிவத்தை வாங்குகிற பூத் அலுவலர் பெரும்பாலும் பக்கத்து அங்கன்வாடி டீச்சராகவோ பள்ளிக்கூட ஆசிரியையாகவோ இருப்பார். குழந்தையை விடப் போகிறபோதே கேட்டுவிடலாம். கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அண்ணன் மகள் படிவம் 8 கொடுத்துவிட்டு, அடுத்த பட்டியல் வந்ததும் எனக்குப் போன் செய்தாள். மாமியார் பெயருக்கு அடுத்த வரியில் அவள் பெயர் வந்துவிட்டதாம். இனிஷியல்தான் தப்பாக இருக்கிறது. அதற்கும் அதே படிவம் 8 தான்.